துருக்கியில் அடுக்குமாடிக் கட்டடத்தை நிர்வகிப்பதும் பராமரிப்புக் கட்டணத்தை வசூலிப்பதும்

இஸ்தான்புல், அங்காரா, அந்தால்யா என எந்த நகரமானாலும், துருக்கியில் அடுக்குமாடிக் கட்டடங்களின் பொது நிர்வாகத்தை ஆள்வது 634ஆம் எண்ணுள்ள மாடி உரிமைச் சட்டம். 1965இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 2007இல் 5711ஆம் எண் சட்டத்தால் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அங்கே வீடு வாங்கியவர்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும், அக்கம்பக்கத்தாரின் வற்புறுத்தலால் நிர்வாகப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் இக்கட்டுரை பயன்படும். சட்டம் அவ்வப்போது திருத்தப்படுவதால், வழக்கு என்ற நிலைக்குப் போகும்முன் நடப்பு வாசகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடலாம். கட்டணம் தராதவரிடம் வசூலிக்க இச்சட்டம் நிர்வாகிக்குத் தரும் அதிகாரம் வலுவானது. ஆனால் அது முழுக்க மூன்று ஆவணங்களின்மீது நிற்கிறது. நிர்வாகத் திட்டம், ஆண்டு வரவு செலவுத் திட்டம், தீர்மானப் புத்தகம் ஆகிய இம்மூன்றும் ஒழுங்காக இருந்தால், பணம் தராதவர் எவ்வளவு வாதாடினாலும் அதிக தூரம் போக முடியாது. இவற்றில் ஒன்று பிசகினாலும், நியாயம் முழுவதும் நிர்வாகத்தின் பக்கம் இருந்தும் பணம் வராமல் போகலாம்.

முதலில் நிர்வாகத் திட்டத்தைப் படியுங்கள்

துருக்கியர் ‘யோனெத்திம் பிளானி’ என்று சொல்லும் நிர்வாகத் திட்டம், கட்டடத்தின் உரிமைப் பதிவு நடக்கும்போதே ‘தபு’ எனப்படும் நிலப் பதிவு அலுவலகத்தில் சேர்க்கப்படும் ஆவணம். சட்டத்தின் 28ஆம் பிரிவு இதை எல்லா உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகவே கருதுகிறது. வீட்டைப் பின்னாளில் வாங்கியவர், ‘நான் இதில் கையெழுத்திடவில்லையே’ என்று விலகிக்கொள்ள முடியாது. பெரும்பாலும் கட்டுநர் ஏதோ ஒரு அச்சுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். குடியிருப்பவர்களில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட்டம் எந்த மாதத்தில் நடக்க வேண்டும், பொதுச் செலவு எந்த விகிதத்தில் பிரிய வேண்டும், தரைத்தளக் கடைகள் மின்தூக்கிச் செலவில் பங்கேற்க வேண்டுமா, செல்லப்பிராணி வளர்க்கலாமா என்பவற்றுக்கெல்லாம் விடை அதில் இருக்கக்கூடும். ஆகவே புதிய நிர்வாகி செய்ய வேண்டிய முதல் வேலை, பதிவு அலுவலகத்திலிருந்து அதன் நகலைப் பெற்று, ஒவ்வொரு வீட்டின் நிலப்பங்கையும் தனியே குறித்துவைப்பதுதான். இந்த நிலப்பங்கு, நம் ஊர்ப் பத்திரங்களில் பிரிபடாத பங்கு என்று எழுதப்படுவதைப் போன்றது.

நிர்வாகத் திட்டத்தை மாற்றுவதற்கு மொத்த உரிமையாளர்களில் ஐந்தில் நான்கு பங்கினரின் வாக்கு வேண்டும். பத்து வீடுகளுக்குப் பத்து உரிமையாளர்கள் உள்ள கட்டடத்தில் எட்டுப் பேர். பாதிப் பேரைக் கூட்டத்துக்கு வரவழைப்பதே பாடாக இருக்கும் கட்டடங்களில் இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூட்டம்: நாள், அழைப்பு, வாக்கு

எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில் நிர்வாகியை நியமிப்பது கட்டாயம். அவர் உரிமையாளர்களில் ஒருவராகவும் இருக்கலாம், வெளியாராகவோ நிறுவனமாகவோ இருக்கலாம். தேர்ந்தெடுப்பதற்கு ஆள் எண்ணிக்கையிலும் நிலப்பங்கிலும் ஒருசேரப் பெரும்பான்மை வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால், உரிமையாளர் ஒருவரின் மனுவின்பேரில் ‘சுல்ஹ்’ நீதிமன்றம் எனப்படும் முதல்நிலை உரிமையியல் நீதிமன்றமே நிர்வாகியை நியமிக்கும். நிர்வாகியின் பெயரும் முகவரியும் நுழைவாயிலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் சட்டகத்தில் வைத்துத் தொங்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லா உரிமையாளர்களும் அடங்கிய உரிமையாளர் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நிர்வாகத் திட்டத்தில் நாள் குறிக்கப்படவில்லையென்றால், அந்தக் கூட்டம் ஆண்டின் முதல் மாதத்தில் நடக்க வேண்டும். பல கட்டடங்கள் சேர்ந்த பெரிய வளாகங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற தளர்வு உண்டு. முக்கியமான காரணம் இருந்தால், நிர்வாகியோ தணிக்கையாளரோ உரிமையாளர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ அசாதாரணக் கூட்டத்தைக் கூட்டலாம். அதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்னதாக, கையெழுத்து வாங்கிய அழைப்புத் தாள் மூலமாகவோ பதிவுத் தபாலிலோ அறிவிக்க வேண்டும். வழக்கமான ஆண்டுக் கூட்டத்துக்கும் இதே முறையைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டு எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று இருந்துவிடும் நிர்வாகிகள், அழைப்பு முறையாக வரவில்லை என்று ஒருவர் வழக்குப் போடும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

அழைப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொன்று, இரண்டாம் கூட்டத்தின் நாளும் இடமும். முதல் கூட்டம் செல்லுபடியாக, ஆள் எண்ணிக்கையிலும் நிலப்பங்கிலும் பாதிக்கு மேற்பட்டோர் வந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் நடப்பதில்லை. அப்படியானால், ஏழு நாட்களுக்குக் குறையாமலும் 15 நாட்களுக்கு மிகாமலும் இடைவெளி விட்டு நடக்கும் இரண்டாம் கூட்டத்தில், வந்திருப்பவர்களின் பெரும்பான்மையே போதுமானது. முப்பது வீடுகள் உள்ள கட்டடத்தில் ஏழு பேர் வந்து, அவர்களில் நால்வர் கை தூக்கினாலும் ஆண்டுக் கட்டணம் முடிவாகிவிடும். வராமல் இருந்துவிட்டுப் பிறகு கட்டணம் கூடிவிட்டது என்று குறை சொல்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. ஆனால் நிர்வாகி தேர்தல், நிர்வாகத் திட்டத் திருத்தம் போலச் சட்டமே தனிப் பெரும்பான்மை கேட்கும் விஷயங்களுக்கு இரண்டாம் கூட்டத்தின் சலுகை பொருந்தாது.

ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. வீடு பெரிதா சிறிதா என்பது இதில் கணக்கில்லை. பல வீடுகள் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாக்கு உண்டென்றாலும், மொத்தத்தில் அவருடைய வாக்குகள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் பதிலாள் மூலம் வாக்களிக்கலாம். ஒரே ஆள் எல்லோருடைய அங்கீகாரக் கடிதங்களையும் திரட்டி வந்து கூட்டத்தைக் கைப்பற்றுவதைத் தடுக்க, ஒரு பதிலாள் மொத்த வாக்குகளில் 5 சதவீதத்துக்கு மேல் செலுத்தக் கூடாது என்றும், 40 வீடுகள் வரை உள்ள கட்டடங்களில் இரண்டு பேருக்கு மேல் பதிலாளாக இருக்கக் கூடாது என்றும் 2007 திருத்தத்திலிருந்து வரம்பு இருக்கிறது.

எடுத்த முடிவுகள் எல்லாம் ‘கராற் தெஃப்தெரி’ என்னும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியாக வேண்டும். பக்கங்களுக்கு ஒன்று முதல் எண்ணிட்டு, நோட்டரியிடம் ஒவ்வொரு பக்கத்துக்கும் முத்திரை வாங்கிய புத்தகம் அது. தீர்மானத்தின் கீழே வந்திருந்த அனைவரும் கையெழுத்திட வேண்டும். எதிர்ப்பவர், எதிர்ப்பதற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. எதிர்த்து வாக்களித்தவர் தீர்மானத்தை ரத்துசெய்யக் கோரி ஒரு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். கூட்டத்துக்கு வராதவருக்கு, தீர்மானத்தை அறிந்த நாளிலிருந்து ஒரு மாதம். எப்படியானாலும் தீர்மான நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் இல்லை.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது

இங்குதான் அதிகச் சச்சரவு எழுகிறது. சட்டத்தின் 20ஆம் பிரிவு பொதுச் செலவுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ‘கபிஜி’ எனப்படும் கட்டட ஊழியர், கொதிகலன் பணியாளர், தோட்டக்காரர், காவலாளி ஆகியோருக்கான செலவு எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரியும். காப்பீட்டுத் தவணை, பராமரிப்பு, பழுதுபார்ப்பு, நிர்வாகியின் ஊதியம், பொது வசதிகளை இயக்கும் செலவு ஆகியவை நிலப்பங்கின் விகிதத்தில் பிரியும். நிர்வாகத் திட்டம் வேறு விகிதம் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். சொல்லாதபோதுதான் இந்தச் சட்ட விகிதம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். பத்து வீடுகள் உள்ள கட்டடம். ஊழியருக்கு ஆண்டுக்கு 3,60,000 லிரா, மற்ற செலவுகளுக்கு 2,40,000 லிரா என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் செலவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 36,000, அதாவது மாதம் 3,000 லிரா. நூற்றில் எட்டு நிலப்பங்குள்ள சிறிய வீட்டுக்கு மற்ற செலவில் ஆண்டுக்கு 19,200, மாதம் 1,600. நூற்றில் 14 பங்குள்ள மேல்மாடி வீட்டுக்கு ஆண்டுக்கு 33,600, மாதம் 2,800. ஆக ஒருவர் மாதம் 4,600 லிராவும் மற்றவர் 5,800 லிராவும் கட்ட வேண்டும். மொத்தத்தைப் பத்தால் வகுத்து எல்லோருக்கும் 5,000 என்று வைத்துவிடுவது எளிது. பல கட்டடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நிர்வாகத் திட்டம் அதற்கு இடம் தரவில்லையென்றால், சிறிய வீட்டுக்காரர் எழுப்பும் ஆட்சேபம் நியாயமானது.

கபிஜியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. காலையில் வாசலில் ரொட்டியை வைத்து, மாலையில் குப்பையை எடுத்து, குளிர்காலத்தில் கொதிகலனையும் கவனித்துக்கொள்ளும் இவர் பல பழைய கட்டடங்களில் கீழ்த்தளத்து வீட்டிலேயே குடும்பத்தோடு வசிப்பார். அவர் வீட்டு வேலைக்காரர் அல்ல, தொழிலாளர் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர். சமூகப் பாதுகாப்புக் காப்பீடு, பணிக்கொடை எல்லாம் அவருக்கு உண்டு. மாதச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்துப் பணிக்கொடையை மறந்துவிடும் கட்டடங்களில், அவர் ஓய்வுபெறும் ஆண்டில் ஒவ்வொரு வீட்டின் தலையிலும் பெரிய தொகை விழுகிறது. ஒவ்வொரு ஆண்டும் இதற்கென்று சிறிது ஒதுக்கி வைப்பது நல்ல நிர்வாகம்.

‘நான் தரைத்தளத்தில் இருக்கிறேன், மின்தூக்கியில் ஏறுவதே இல்லை’, ‘வீடு பூட்டிக் கிடக்கிறது’ என்பன அடிக்கடி கேட்கும் வாதங்கள். பொது வசதியைப் பயன்படுத்தும் உரிமையை விட்டுவிட்டேன் என்றோ, தன் வீட்டின் அமைப்பால் அது தேவைப்படவில்லை என்றோ சொல்லி எவரும் பங்கைத் தவிர்க்க முடியாது என்று 20ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நிர்வாகத் திட்டத்தில் விலக்கு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே நிலைமை மாறும்.

மையக் கொதிகலன் வெப்பத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் அளவுமானி பொருத்தியுள்ள கட்டடங்களில், செலவின் 70 சதவீதம் அளவுமானி காட்டும் பயன்பாட்டின்படியும், 30 சதவீதம் வீட்டின் பரப்பளவின்படியும் பிரிக்கப்படும். வெப்பக் குமிழை முழுக்க மூடி வைத்தவருக்கும் பில் வருவதற்குக் காரணம் அந்த 30 சதவீதம்தான். மொத்தக் கட்டுமானப் பரப்பு 2,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில், மையக் கொதிகலனை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு தனிக் கொதிகலன் வைக்க எல்லா உரிமையாளர்களின் ஒருமித்த ஒப்புதலும் வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வரவு செலவுத் திட்டமும் வசூலும்

வசூலின் உயிர்நாடி 37ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையாளர் குழு வரவு செலவுத் திட்டத்தை ஏற்கவில்லையென்றால், நிர்வாகி தாமதமின்றி ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஆண்டின் உத்தேச வரவும் செலவும், ஒவ்வொருவரின் பங்கும், முன்பணமாக வாங்க வேண்டிய தொகையும் அதில் இருக்க வேண்டும். துருக்கியர் ‘இஷ்லெத்மெ ப்ரோஜெசி’ என்று சொல்லும் இதை, உரிமையாளர்களிடமோ வீட்டில் குடியிருப்பவர்களிடமோ கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கைக்குக் கிடைத்த ஏழு நாட்களுக்குள் ஆட்சேபம் வந்தால், உரிமையாளர் குழு கூடி அதைப் பரிசீலிக்கும். ஆட்சேபம் வராவிட்டால் திட்டம் உறுதியாகிவிடும்.

உறுதியான திட்டமும் செலவு குறித்த குழுத் தீர்மானமும், அமலாக்கம் மற்றும் திவால் சட்டத்தின் 68ஆம் பிரிவில் சொல்லப்படும் வலுவான ஆவணங்களாகக் கருதப்படுகின்றன. நிர்வாகி முதலில் வழக்குத் தொடர்ந்து தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை; நேராக ‘இஜ்ரா’ எனப்படும் அமலாக்க அலுவலகத்துக்குப் போய்க் கடனாளிக்குக் கட்டளை அனுப்பச் செய்யலாம். கடனாளி ஏழு நாட்களுக்குள் ஆட்சேபித்தால் நடவடிக்கை நின்றுவிடும். அப்போதுதான் அந்த ஆவணத்தின் மதிப்புத் தெரியவரும். அதைக் கையில் வைத்திருப்பவர், ஆட்சேபத்தை நீக்கும்படி அமலாக்க நீதிமன்றத்தை அணுகலாம். வரவு செலவுத் திட்டமும் இல்லாமல் தீர்மானமும் இல்லாமல், ‘எல்லோரும் இவ்வளவுதான் தருகிறார்கள்’ என்ற பேச்சை மட்டும் வைத்திருப்பவர், ஒவ்வொரு ரசீதாக நீட்டி, நீண்ட வழக்கில் செலவை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தாமதத்துக்கான இழப்பீடு மாதம் 5 சதவீதம். 2007க்கு முன்பு இது 10 சதவீதமாக இருந்தது. கட்ட வேண்டிய நாளைக் கடந்த நாட்களுக்குக் கணக்கிடப்படும் இது தனிவட்டி போன்றது. கூட்டுவட்டியாக ஏற்றக் கூடாது. 2,000 லிரா ஆறு மாதம் தாமதமானால் 600 லிரா இழப்பீடு. பாதியைக் கட்டிவிட்டேன் என்பவரும் மீதிக்கு இதைத் தர வேண்டியவரே.

வாடகைக்காரரின் நிலை சற்று வேறுபட்டது. கட்டணத்துக்கு அவரும் உரிமையாளரோடு சேர்ந்து பொறுப்பாளி. ஆனால் அவர் செலுத்த வேண்டிய வாடகைத் தொகை வரைதான். அப்படிக் கட்டியதை அவர் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். நடைமுறையில், ஊழியர் சம்பளம், துப்புரவு, பொது மின்சாரம் போன்ற மாதாந்தரக் கட்டணத்தை வாடகைக்காரரும், ‘தெமிர்பாஷ்’ எனப்படும் மூலதனச் செலவை, அதாவது புதிய மின்தூக்கி, கூரை மாற்றம் போன்றவற்றை, உரிமையாளரும் ஏற்பது வழக்கம். வசூல் அறிவிப்பிலேயே இவ்விரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதிவிட்டால் வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையே நடக்கும் பாதிச் சண்டை குறையும்.

இதற்கும் மசியாதவர்மீது, நிர்வாகியின் எழுத்து வேண்டுகோளின்பேரில் மற்ற உரிமையாளர்களுக்கு ஆதரவாக அவருடைய வீட்டின்மேல் சட்டபூர்வ அடமானம் பதிய முடியும். இரண்டு காலண்டர் ஆண்டுகளுக்குள் மூன்று முறை தன்மீது அமலாக்க நடவடிக்கையோ வழக்கோ எடுக்கவைத்தவரின் வீட்டையே மற்றவர்களுக்கு மாற்றித் தரும்படி கேட்கவும் 25ஆம் பிரிவு வழிவிடுகிறது. இது கடைசி ஆயுதம். நீதிமன்றங்கள் இதை எளிதில் வழங்கிவிடுவதில்லை.

2023 செப்டம்பர் 1 முதல், மாடி உரிமைச் சட்டத்திலிருந்து எழும் தகராறுகளுக்கு நீதிமன்றம் போகும்முன் சமரச மத்தியஸ்தரிடம் போவது கட்டாயமாகிவிட்டது. அந்தப் படியைத் தாண்டாமல் தொடுத்த வழக்கு, உள்ளடக்கத்துக்குள் போகாமலே தள்ளுபடியாகும்.

நிர்வாகி அன்றாடம் கவனிக்க வேண்டியவை

கட்டட நிர்வாகத்துக்குச் சட்டப்படி தனி ஆளுமை கிடையாது. அதனால் வசூலான பணத்துக்கு நிர்வாகி தன் பெயரிலேயே, ஆனால் இன்ன கட்டடத்தின் நிர்வாகி என்ற தகுதியைக் காட்டி, வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். சொந்தக் கணக்கில் வாங்கி, சொந்தச் செலவோடு கலந்துவிடுவது, நேர்மையானவரைக்கூடச் சந்தேகத்துக்கு ஆளாக்கும். கணக்கைப் பொறுத்தவரை அவர் முகவரைப் போலப் பொறுப்பாளி. நிர்வாகத் திட்டத்தில் வேறு காலம் சொல்லப்படாவிட்டால், தணிக்கை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். உரிமையாளராக இருந்துகொண்டே நிர்வகிப்பவர், குழு வேறு முடிவெடுக்காத பட்சத்தில், தன் பங்கிலுள்ள சாதாரண நிர்வாகச் செலவில் பாதியைக் கட்ட வேண்டியதில்லை.

மின்தூக்கியின் ஆண்டுச் சோதனையை நிர்வாகி தள்ளிப்போடக் கூடாது. சோதனை முடிந்ததும் ஒட்டப்படும் வில்லையில் பச்சை குறையின்மையையும், நீலம் இலேசான குறையையும், மஞ்சள் குறையையும், சிவப்பு பாதுகாப்பின்மையையும் குறிக்கும். சிவப்பு ஒட்டப்பட்ட மின்தூக்கியை, குறை நீங்கும்வரை ஓடவிடக் கூடாது.

பொது இடங்களில் கட்டுமானமோ, வேறு நிறத்தில் வெளிச்சுவர் வண்ணமோ அடிக்க ஐந்தில் நான்கு பங்கினரின் எழுத்து ஒப்புதல் தேவை. ஆனால் கட்டடத்தை வலுப்படுத்துவது கட்டாயம் என்றோ, ஒரு பழுது உடனே சீர்செய்யப்பட வேண்டியது என்றோ நீதிமன்றம் கண்டறிந்துவிட்டால் அந்த ஒப்புதல் தேவையில்லை. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பின் இந்த விலக்கின் அருமையைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள். தூண்களில் விரிசல் விட்ட கட்டடத்தில், இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டாய நிலநடுக்கக் காப்பீடு இதிலிருந்து வேறு. அதை ஒவ்வொரு உரிமையாளரும் தன் வீட்டுக்குத் தனியே எடுக்க வேண்டும், பொதுக் கட்டணத்தில் அது சேராது.

ஆண்டு முடிந்ததும் ஜனவரிக்குள் இரண்டு வேலைகள் உண்டு. நிர்வாகத் திட்டம் வேறு நாள் சொல்லாவிட்டால், உரிமையாளர் குழுவுக்குக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தை நோட்டரியிடம் கொண்டுபோய் அந்த ஆண்டுக்கு முடித்து வைக்க வேண்டும். நிர்வாகி மாறினால், புத்தகம், ரசீதுகள், ஒப்பந்தங்கள், வங்கி அறிக்கை, நிலுவையில் உள்ளவர்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரு பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டுக் கைமாற்ற வேண்டும். நடந்துகொண்டிருக்கும் அமலாக்க நடவடிக்கைகளின் கோப்பு எண்களையும் அதில் மறக்காமல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதியவர் அவற்றைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.